பார்க்க வந்தவர்கள்

அந்த நீலச் சட்டைக்காரர்தான் என்று மாரீஸ்வரி முடிவுகட்டியபோது காலை எட்டேகால்கூட ஆகியிருக்காது. ஜன்னலோரத்து மேஜையில் தனியாக உட்கார்ந்து பப்பாளித் துண்டுகளை முள்கரண்டியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், காதோரம் நரை, தொந்தி பரவாயில்லை, சட்டைக்குள் அடங்கித்தான் இருந்தது. இரண்டு தடவை இந்தப் பக்கம் பார்த்துவிட்டார். ஒரு தடவை பார்த்தால் தற்செயல் என்று விடலாம், இரண்டு தடவை பார்த்தால் வேறென்ன. அவள் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, விரல் நுனி மட்டும் நனையும்படி சாம்பாரில் தொட்டுக்கொண்டாள். சாம்பார் இனித்தது. என்ன இழவுக்கு இதில் வெல்லத்தைக் கரைத்து வைத்திருக்கிறார்களோ, இத்தனை பெரிய ஹோட்டலில் புளியா கிடைக்காமல் போயிற்று. எதிரே அண்ணன் தங்கமாரி செல்போனும் கையுமாக இருந்தான். அண்ணன் பக்கத்தில் ஜோதிலட்சுமி மதினி, மதினியை ஒட்டி வர்ணிகா. வர்ணிகா மாரீஸ்வரியின் மகள், ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. அவளுடைய தோசையை மதினி துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், என்றைக்கும் இல்லாத அக்கறையாக. சரி, இதுவும் அதில் சேர்த்திதான் என்று மாரீஸ்வரி நினைத்தாள். பிள்ளையை அம்மா பக்கத்தில் உட்காரவிடவில்லை பார். தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்ப்பதும் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்ப்பதும் ஒன்றா. மதினி விவரமானவள், அதில் குறையே சொல்ல முடியாது.

யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவும் மாட்டார்கள். அவர்கள் வீட்டு வழக்கம் அது, பெண்ணைப் பார்க்க ஆள் வருகிறது என்று பெண்ணிடம் மூச்சு விடுவதில்லை. கோயிலுக்குப் போகலாம் வா, ஜவுளிக்கடைக்குப் போகலாம் வா என்று கூட்டிக்கொண்டு போவார்கள், பார்க்கிறவர்கள் எங்காவது ஓரமாக நின்று பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் அப்புறம் வீட்டுக்கு வருவார்கள், பிடிக்காவிட்டால் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது, அவள் பாட்டுக்குச் சாமி கும்பிட்ட சந்தோஷத்தோடு வீடு திரும்புவாள். அவளுக்கு அப்படித்தான் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஒரு மார்கழிக் காலை, பிரகாரத்தில் உட்கார்ந்து தொன்னையில் புளியோதரையை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள், எண்ணெய் முழங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது, கணேசமூர்த்தியும் அவன் அம்மாவும் நாலு தூண் தள்ளி நின்று பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள்தான் அவன் சொன்னான். உன்னை முதல்ல பார்க்கிறப்ப உனக்கு ரெண்டு கன்னமும் உப்பி இருந்துச்சு, எங்கம்மா பிள்ளைக்குப் பல்வலியான்னு கேட்டாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாமல் பார்க்கப்பட்டோமே என்கிற ஆத்திரம் அது, எத்தனை பேர் அப்படிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார்களோ என்கிற சந்தேகமும் அதோடு சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் முதலில் தூண்களைத்தான் பார்ப்பாள். இந்தச் சாப்பாட்டு ஹாலில் ஆறு தூண்கள், ஆறுக்கும் வழவழவென்று கறுப்புக் கல் ஒட்டியிருந்தார்கள், அதில் சாப்பிடுகிறவர்களின் முகமெல்லாம் தெரிந்தது.

இல்லாவிட்டால் அண்ணனுக்கு இது என்ன புதுப் பழக்கம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளுத்துச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற தொழில் அவனுக்கு, கட்டின பெண்டாட்டியையே குற்றாலம் தாண்டிக் கூட்டிப்போனதில்லை. அவன் போன மாசம் திடீரென்று வந்து, நாலு வருஷமா நீ ஊரை விட்டு வெளிய காலை எடுத்து வெச்சிருக்கியா மாரி, வா, மெட்ராஸ்ல நல்ல ஏரியாவில ரெண்டு நாள் தங்கிட்டு வருவோம் என்கிறான். நாலு வருஷம் என்றால் கணேசமூர்த்தி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். சங்கரன்கோவில் ரோட்டில் வைக்கோல் லாரியின் பின்னால் போய் மோதினான், பகல் பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கமும் கிடையாது குடியும் கிடையாது. என்ன நினைப்பில் போனான் என்று அவளும் இந்த நாலு வருஷமாக யோசிக்கிறாள். அன்று காலையில் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடு என்றான், இரு வருகிறேன் என்றாள், அதற்குள் பொத்தான் இல்லாமலே கிளம்பிப் போய்விட்டான். ஒற்றைக் கையால் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினானோ. பொத்தானாலா ஒரு மனுஷன் சாவான் என்று அவளே கேட்டு அவளே பதில் சொல்லி, அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அதற்கப்புறம் அண்ணன் வீட்டு மாடி அறை, அண்ணன் கொட்டகையில் வேலை. பதினாறு பெண்கள் பேண்டேஜ் சுருட்டுகிற இடத்தில் அவள் மேஸ்திரி. கை அதுபாட்டுக்குச் சுருட்டும். இப்போதும் மடியில் கிடந்த வெள்ளைத் துணி நாப்கினை ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு வெடுக்கென்று விரித்தாள். நீலச் சட்டை பார்த்திருக்குமோ.

பார்த்தால் பார்க்கட்டும். அவளுக்கு அவரிடம் பயமில்லை. அவள் பயமெல்லாம் நேற்றுச் சாயங்காலம் குளியலறையில் காதில் விழுந்த அந்த ஒரு வரியில் இருந்தது. அந்தக் குளியலறையைப் பற்றி என்ன சொல்ல, கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் சுவரே கிடையாது, கண்ணாடி. குளிக்கிறவர்களைக் கட்டிலில் இருந்து பார்க்கலாமாம், எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. பதினாலாவது மாடி, சன்னலில் எட்டிப் பார்த்தால் நுங்கம்பாக்கத்து பங்களாக்களின் தூங்குமூஞ்சி மரங்கள், ஒரு தெருவில்கூட ஆள் கிடையாது, காம்பவுண்டுக்கு ஒரு காவல்காரர், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கிற வேலைக்காரி. இத்தனை நிசப்தமாக ஒரு ஊருக்குள் ஊரா என்று நினைத்துக்கொண்டாள். திரையை இறக்கிவிட்டு, குழாய் எதுவென்று தெரியாமல் நாலைத் திருகி, தண்ணீர் தலையில் கொட்டி, அதை நிறுத்தின சமயத்தில்தான் பக்கத்து அறைக்குப் போகிற நடுக்கதவு வழியாக மதினி போனில் பேசுவது கேட்டது. “பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டா அவளுக்கும் ஒரு வாழ்க்கை அமையும்ல, சின்ன வயசுதான” என்றாள் மதினி. அவ்வளவுதான். தலையில் பாதி சோப்போடு மாரீஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள். பிள்ளைக்கு ஒரு வழி என்றால் என்ன வழி. ஹாஸ்டலா. மதினி வீட்டு மூன்றாவது பிள்ளையாக வளர்வதா. இரண்டாங்கல்யாணத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதே என்று சொல்கிற ஆட்கள் உண்டு, அவள் கொட்டகையிலேயே முனியம்மா இல்லையா, பையனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போனவள், இப்போது பையன் ரோட்டில் பார்த்தால் அக்கா என்கிறானாம். சொல்லும்போது முனியம்மா சிரிப்பாள், சுருட்டுகிற கை மட்டும் நிற்காது.

ஆகவே அவள் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். எங்க போனாலும் நான் பிள்ளையோடதான் வருவேன். அதைச் சத்தமில்லாமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வருவேன் என்றால் வர ஆசைப்படுகிற மாதிரி இருக்கிறதே, போவேன் என்று மாற்றினாள், அதுவும் ஒரு மாதிரி இருந்தது. எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் என்ன. அப்படிப் போடத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் காலையில் எழுந்ததும் பெட்டியின் அடியிலிருந்து கடுகுப் பச்சைப் பட்டுப் பருத்திச் சேலையை எடுத்து விசிறி மடிப்பு வைத்துக் கட்டினாளே, அதை யார் சொல்லிக் கட்டினாள். நாலு வருஷமாகத் தொடாத கண்மையை எடுத்து, வைத்து, துடைத்து, மறுபடி லேசாக வைத்தாளே. கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தபோது பின்னால் கட்டிலில் இருந்து வர்ணிகா, அம்மா நீ அழகா இருக்க என்றது. சும்மா இருடி என்று சள்ளென்று விழுந்தாள். மதினி சேலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. மதினியின் கவனமெல்லாம் வர்ணிகாவுக்கு நேற்று எடுத்துக் கொடுத்த வெள்ளை கவுனின் பின் கொக்கியில் இருந்தது. பிள்ளையின் முடியைக்கூட நேற்றுக் கீழே அழகு நிலையத்தில் வெட்டிவிட்டு வந்தாள் மதினி, பேன் இருக்கிறது என்று சொல்லி. பேன் ஏது. வாராவாரம் வேப்பெண்ணெய் வைத்து வாருகிற தலை அது. சரி, பிள்ளையைக் கொஞ்சம் நாகரிகமாகக் காட்டினால் வருகிறவன் கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொள்வான் என்று மதினி நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தபோது மாரீஸ்வரிக்கு மதினி மேல் ஒரு பாசம்கூடச் சுரந்தது. பாவம், நல்லதுதான் நினைக்கிறாள், நாம்தான் எதையாவது நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

நீலச் சட்டைக்காரர் எழுந்தார். வாயைத் துடைத்தார், பையை எடுத்து மாட்டினார், அவர்கள் மேஜையை நோக்கி நேராக வந்தார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தாள். அவர் செல்போனில் இந்தியில் என்னவோ சத்தமாகப் பேசிக்கொண்டே அவள் நாற்காலியை உரசிக்கொண்டு போனார், போய்க்கொண்டே இருந்தார், கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு டிவி இருந்தது. அதில் கிரிக்கெட். அட கண்றாவியே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கன்னம் சுட்டது. அப்போ யார். சுற்றிப் பார்த்தாள். ஆம்லெட் போடுகிற இடத்தில் வரிசையில் நிற்கிற வழுக்கைத் தலை, இல்லை, அவர் பக்கத்தில் பெண்டாட்டி. காபி மிஷினோடு மல்லுக்கட்டுகிற ஒல்லி, சின்னப் பையன். ஒருவேளை ஆள் வராமல் வீட்டுப் பெண்கள் மட்டும் வந்திருப்பார்களோ. எந்த மேஜையிலிருந்து பார்த்தாலும் நன்றாகத் தெரியும்படி முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு வலித்தது.

“அட, நம்ம சார்” என்றான் அண்ணன். என்றபடியே எழுந்த வேகத்தில் நாற்காலி தள்ளிக்கொண்டு போயிற்று. நீச்சல் குளத்துப் பக்கக் கதவு வழியாக ஒரு தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பது இருக்கும், அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து, நூல் சேலை, கையில் ஒரு வளையல், அவ்வளவுதான் நகை. “மாரி, இவங்கதான் ரமணன் சார். நம்ம சரக்கெல்லாம் மெட்ராஸ்ல எடுக்கிறது சார்தான். இது மேடம், பிரபாவதி மேடம். யதேச்சையா இங்கயே சாப்பிட வந்திருக்காங்க பாரேன்” என்றான். யதேச்சை என்ற வார்த்தையை அண்ணன் வாயில் அவள் இதுவரை கேட்டதேயில்லை, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். இவர்கள்தான். மாப்பிள்ளைக்கு அக்காளும் அத்தானுமாக இருக்கும். மாரீஸ்வரி எழுந்து கும்பிட்டாள். “வாங்க” என்றாள். பிரபாவதி அவளை ஒரே ஒரு தடவை பார்த்தாள், முகத்தை மட்டும், கண்ணையும் மூக்கையும் தாடையையும். சேலையைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு உடனே வர்ணிகா பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையைப் பிடித்துவிட்டது, நல்லது, நல்லது என்று மாரீஸ்வரியின் மனசு அடித்துக்கொண்டது. பிள்ளையை வேண்டாம் என்று சொல்கிற ஆட்கள் இப்படிப் போய் ஒட்டி உட்காருவார்களா. வாக்கியத்துக்கே அவசியம் இருக்காது போல.

“உன் பேரு என்னம்மா” என்றாள் பிரபாவதி. வர்ணிகா சொன்னது. “அந்த போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிப்பியா” என்றாள். வர்ணிகா எழுத்துக் கூட்டிப் படித்தது. “ஸ்கூல்ல பாட்டு சொல்லித் தருவாங்களா, ஒண்ணு பாடேன்.” வர்ணிகா அம்மாவைப் பார்த்தது, மதினி பாடு பாடு என்றாள், அது மயில் பாட்டைக் கையாட்டிப் பாடியது. “அங்க கேக் இருக்கு பாரு, போய் ஒண்ணு எடுத்துட்டு வர்றியா.” வர்ணிகா இறங்கி நடந்தது. போகிறபோது ரமணன் அதன் காலைப் பார்த்தார், வலது காலையும் இடது காலையும், அது எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியையும். கேக்கைப் பார்த்துக்கொண்டு அது முதுகு காட்டி நின்றபோது பிரபாவதி மெதுவாக, பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காதபடி, “வர்ணிகா” என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பியது. பிரபாவதி கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பேர் கேட்டு, படிக்கச் சொல்லி, பாடச் சொல்லி, நடக்கவிட்டு, காது கேட்கிறதா என்று பார்த்து. மாரீஸ்வரிக்கு இந்த வரிசை தெரியும். அவள் அத்தைமாரை, பெரியம்மா மகள்களை எல்லாம் இந்த வரிசையில்தான் பார்த்தார்கள். ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கு உச்சந்தலையில் வியர்த்தது. போன மாசம் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்று மதினி பிள்ளையைக் கூட்டிப்போய் ரத்தம் சோதித்தாள். ஹோட்டலில் குழந்தைக்கும் அடையாளம் கேட்பார்கள் என்று அண்ணன் பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டான். என் அடையாள அட்டை வேண்டாமா என்று இவள் கேட்டதற்கு, பிள்ளையோடது போதும் என்றான்.

முதலில் வந்தது பயமில்லை. இதை மாரீஸ்வரி சாகும்வரை யாரிடமும் சொல்லமாட்டாள், நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது. அப்போ என்னைப் பார்க்க யாருமே வரவில்லையா என்றுதான் முதலில் வந்தது. ஒரு மணி நேரமாக யாருக்காக இட்லியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றோம், கண்ணில் மை எதற்கு, என்று அவமானம் சுரீரென்று ஏறியது, ஊசி குத்தின மாதிரி ஒரே ஒரு நொடி. ஒரு நொடி என்றாலும் அது வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே பேரம் முடிக்கிறார்கள், இவளுக்கு இவள் சேலைதான் பெரிசாகப் போயிற்று. சீ என்று தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது, வந்தது முழுசாக வந்தது, காலிலிருந்து மேலே. “உக்காரு மாரி” என்று அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டு, காதருகே குனிந்தான். “பதினெட்டு வருஷமா பிள்ளை இல்ல. நம்ம ஆளுகளாத்தான் வேணும்னு இருக்காங்க. ராணி மாதிரி வெச்சுக்குவாங்க, உன்னால இந்த மாதிரி ஒரு ஊர்ல வளர்க்க முடியுமா சொல்லு. நீ வருஷம் ரெண்டு தடவை வந்து பார்க்கலாம், நான் பேசிட்டேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வேண்டாம்னு சொல்லி என் மானத்தை வாங்கிறாத.” அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. எங்க போனாலும் நான் பிள்ளையோடதான் போவேன். அதை இங்கே சொல்ல வழியில்லை, அவளை யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் இன்று விட்டுவிடுவார்கள். நாளைக்கு மாடி அறை இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, மதினி இருக்கிறாள், காலையும் சாயங்காலமும் தினமும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளையின் நல்லதைக் கெடுத்தவள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்வான். ஒருநாள் காய்ச்சலிலோ அலுப்பிலோ அவளும் சரி என்றுவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். சற்று முன்னால் அந்த ஒரு நொடியில் தெரிந்துகொண்டாள்.

வர்ணிகா கேக்கோடு வந்து பிரபாவதியின் மடியை ஒட்டி நின்று தின்றது. பிரபாவதி அதன் உதட்டோரத்து கிரீமைத் தன் முந்தானையால் துடைத்தாள். மோசமான பொம்பிளை இல்லை, பார்த்தாலே தெரிகிறது, அதுதான் மாரீஸ்வரிக்குத் தாங்கவில்லை. திட்டக்கூட ஆளில்லை. “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் பிரபாவதி, முதல்தடவையாக அவளிடம். “ராத்திரி நல்லா தூங்குவாளா. புது இடம்னா பயப்படுவாளா. என்ன செஞ்சா தூங்குவா.” யாரும் கேட்காத கேள்வி அது. அவளைப் போல அதற்குப் பதில் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது. “இடது பக்கம் ஒருக்களிச்சுதான் படுப்பா” என்றாள் மாரீஸ்வரி, “காதை யாராவது தடவிக் கொடுக்கணும், லைட்டை அணைச்சுட்டா முழிச்சுக்குவா” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள், பிரபாவதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மனசில் வாங்கிக்கொண்டாள், அவள் தலையாட்டத் தலையாட்ட மாரீஸ்வரிக்குப் பிள்ளை கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போவது தெரிந்தது. அவர்கள் ஊரில் கூடிவந்த சம்பந்தம் உடைவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லி ஒரு சம்பந்தமும் உடைந்ததில்லை.

“அப்புறம், வலிப்பு வர்ற அன்னிக்கு மட்டும் கையில இரும்பு கொடுத்துப் பிடிச்சுக்கணும்” என்றாள்.

பிரபாவதியின் தலையாட்டல் நின்றது. “என்னது” என்றார் ரமணன்.

“காக்கா வலிப்பு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். ரத்தத்தில எல்லாம் தெரியாது. இவ அப்பா வழியில உண்டு, அவர் வண்டியில போனப்ப அப்படி வந்துதான் லாரியில மோதினார். அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா.” குரல் நடுங்கவேயில்லை, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலு வருஷமாக விடை கிடைக்காத சாவுக்கு இரண்டு வரியில் ஒரு காரணம் கட்டிக் கொடுத்துவிட்டாள், செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்.

“ஐயோ சார், அப்படி ஒண்ணுமே இல்ல சார், இவ என்னமோ உளர்றா” என்று அண்ணன் எழுந்தான். மதினியும் “சத்தியமா இல்லைங்க” என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதறினார்கள், அப்படிப் பதறினால் பார்க்க வந்தவர்கள் எதை நம்புவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், தெரிந்தும் பதறினார்கள். ரமணன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிரபாவதி வர்ணிகாவின் தோளில் இருந்த கையை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டாள், பிறகு அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை ஒட்டி நின்ற இடத்திலிருந்து நாற்காலியை ஒரு விரற்கடை தள்ளிப் போட்டாள். அண்ணன் மாரீஸ்வரியைப் பார்த்த பார்வையில் மாடி அறை, கொட்டகை எல்லாம் காலியாகிவிட்டது. ஆகட்டும் என்று நினைத்தாள். எங்காவது பேண்டேஜ் சுருட்டிப் பிழைத்துக்கொள்ளலாம், ராஜபாளையத்தைச் சுற்றி அதற்கா பஞ்சம்.

வர்ணிகா ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. தள்ளிப் போன நாற்காலியைப் பார்த்தது. கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் வந்தது.

“அம்மா, எனக்கா வலிப்பு?” என்றது.

அவர்கள் இன்னும் எழுந்து போகவில்லை. நாலு பேரும் மாரீஸ்வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிள்ளையின் தலையில் கை வைத்து, அதன் கண்ணைப் பார்த்து, “ஆமாடி” என்றாள்.